ஓடாத ரதங்கள்

கடற்கரையின் ஈரமணலில் வெறுங்காலுடன் ஓடும் இளைஞர் கூட்டம். வெள்ளை உடை, நனைந்த தலைமுடி, காலடியில் தெறிக்கும் அலை. பின்னணியில் சின்தசைசரின் சீரான துடிப்பு, அதன் மீது தவழும் பியானோ. 1981ல் வெளிவந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட இந்தக் காட்சி பழக்கம். பள்ளி விளையாட்டு விழா முதல் தொலைக்காட்சி விளம்பரம் வரை, யாராவது ஸ்லோமோஷனில் ஓடினால் போதும், கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸின் அந்த மெட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் படத்தின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ரசிகர்கள் பலரும் தயங்குவார்கள். நெருப்பு ரதங்கள் - சரி, எந்த ரதங்கள்? இரண்டு மணி நேரப் படத்தில் ரதமும் இல்லை, நெருப்பும் இல்லை. 1924ம் வருடத்து பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஓடிய இரண்டு பிரிட்டிஷ் வீரர்களின் கதை அது. ஓட்டக்காரனின் வேகத்துக்கு ஓர் உவமை என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது எளிது. பெயர் வந்த வழியில் பின்னோக்கிப் போனால் தென்படுவது வேறு. வேகத்துக்கும் அந்த ரதங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'ரன்னர்ஸ்'. தயாரிப்பாளர் டேவிட் பட்நம் 1977ல் லாஸ் ஏஞ்சலீஸில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பொழுதுபோகாமல் புரட்டிய ஒலிம்பிக் வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் எரிக் லிடலைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தைக் கைவிட்ட ஸ்காட்லாந்துக்காரர். அரசனுக்குப் பணியாமல் மனசாட்சிக்குப் பணிந்த தாமஸ் மோரின் கதையைப் போல ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த பட்நமுக்கு அது போதுமானதாக இருந்தது. திரைக்கதை எழுதும் பொறுப்பு காலின் வெலண்டிடம் வந்தது. லங்காஷைரில் பிறந்து, ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து, பிறகு நடிகராகவும் எழுத்தாளராகவும் ஆனவர். 1969ல் வந்த கென் லோச்சின் 'கெஸ்' படத்தில் பரிவுள்ள பள்ளி ஆசிரியராக நடித்தவர் அவர்தான்.

1924 ஒலிம்பிக்ஸ் பற்றி நினைவிருப்பவர்கள் தொடர்புகொள்ளவும் என்று வெலண்ட் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். அந்தப் போட்டிகளில் கலந்துகொண்ட ஆப்ரி மான்டேக் தன் தாய்க்கு எழுதிய கடிதங்களை அவருடைய மகன் அனுப்பிவைத்தார். படத்தில் கதையை நகர்த்திச் செல்லும் குரல் அந்தக் கடிதங்களிலிருந்து வந்தது. கதை கிடைத்தது, குரல் கிடைத்தது. 'ரன்னர்ஸ்' என்ற பெயர் மட்டும் வெலண்டுக்குத் திருப்தி தரவில்லை. ஓடுகிறவர்கள் என்பது தகவல், அவ்வளவுதான். ஏன் ஓடுகிறார்கள் என்பதை அது சொல்லவில்லை.

விடை தொலைக்காட்சியிலிருந்து வந்தது. பிபிசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பாகும் 'சாங்ஸ் ஆஃப் பிரெய்ஸ்' என்ற நிகழ்ச்சி, தேவாலயங்களில் சபையார் பாடும் ஞானப்பாட்டுகளுக்கானது. ஒரு நாள் அதில் 'ஜெருசலேம்' என்ற பாடல் வந்தது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமான பாட்டு. அதில் வரும் நெருப்பு ரதம் காதில் விழுந்ததுமே, பெயர் கிடைத்துவிட்டது என்று மனைவியிடம் வெலண்ட் கூவினார். ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தவனின் கதைக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு பெயர் கொடுத்தது. ஒரு சின்ன மாற்றம் மட்டும் நடந்தது. பாட்டில் ரதம் ஒன்றுதான். படத்தில் அது பன்மையாயிற்று.

அந்தப் பாட்டின் வரலாறு ஒரு படத்துக்குச் சமம். எழுதியவர் வில்லியம் பிளேக். 1757ல் லண்டனில் பிறந்தவர். செப்புத் தகட்டில் படம் செதுக்குவது தொழில். கவிதையையும் ஓவியத்தையும் தானே தகட்டில் எழுதி, தானே அச்சிட்டு, மனைவியுடன் சேர்ந்து வண்ணம் தீட்டி விற்றார். வாங்க ஆளில்லை. வாழ்ந்த காலத்தில் அவரைப் பைத்தியம் என்றவர்களே அதிகம். 1803ல் தன் வீட்டுத் தோட்டத்துக்குள் வந்த ஒரு சிப்பாயை வெளியே தள்ளிய தகராறில், அரசரைப் பழித்துப் பேசினார் என்று பிளேக் மீது ராஜதுரோக வழக்குப் போடப்பட்டது. 1804ல் விடுதலையானார். 'மில்ட்டன்' என்ற அவருடைய நீண்ட காவியத்தின் முகப்புப் பக்கத்தில் இருப்பதும் அதே 1804தான். அதன் முன்னுரையில் வரும் பதினாறு வரிகள்தான் பின்னாளில் 'ஜெருசலேம்' ஆயின. பிளேக் அந்த வரிகளுக்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை. 'ஜெருசலேம்' என்ற பெயரில் அவர் எழுதியது வேறொரு பெரிய காவியம்.

கவிதை கேள்விகளில் தொடங்குகிறது. ஏசு இங்கிலாந்துக்கு வந்து போனார் என்று ஒரு பழைய கர்ணபரம்பரைக் கதை உண்டு. அந்தப் பாதங்கள் இந்த மலைகளில் நடந்தது உண்மையா, புகை கக்கும் இந்த ஆலைகளுக்கு நடுவிலா புனித நகரம் இருந்தது என்று கவிஞன் கேட்கிறான். எந்த ஆலைகள் என்பதில் இன்றும் சர்ச்சை. பிளேக் வசித்த பகுதிக்கு அருகே 1791ல் எரிந்துபோன பெரிய மாவு ஆலை என்பவர்கள் உண்டு. மனித மனத்தை அரைத்துத் தள்ளும் தேவாலயத்தையும் பல்கலைக்கழகத்தையும்தான் சொன்னார் என்பவர்களும் உண்டு. அடுத்து கவிஞன் ஆயுதங்களைக் கேட்கிறான். வில், அம்பு, ஈட்டி, கடைசியில் நெருப்பு ரதம். எதற்கு? யாரையும் கொல்வதற்கு அல்ல. இங்கிலாந்தில் அந்த நகரத்தைக் கட்டி முடிக்கும்வரை மனத்தால் போராடுவேன் என்பதுதான் சபதம்.

இதே முன்னுரையின் உரைநடைப் பகுதியைப் படித்தால் சந்தேகம் மிச்சமிருக்காது. உடல்களின் போரை நீட்டித்து மனத்தின் போரை அமுக்குகிறவர்கள் என்று படைமுகாமையும் அரசவையையும் பல்கலைக்கழகத்தையும் பிளேக் சாடுகிறார். இங்கிலாந்து பிரான்ஸோடு போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது கவிஞன் கேட்ட ரதம், போருக்கு எதிரான ரதம்.

நூறு வருடங்களுக்கு மேல் அந்த வரிகளை அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. 1916ல் அவை கண்டெடுக்கப்பட்டது போர் ஒன்றுக்காக. முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் சாவு, மக்களிடம் சோர்வு. ஊக்கம் ஊட்ட 'ஃபைட் ஃபார் ரைட்' என்றொரு இயக்கம் பிறந்தது. அதை நிறுவியவர் சர் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட். இந்திய வரலாறு படித்தவர்களுக்குப் பரிச்சயமான பெயர். 1904ல் இந்தியாவிலிருந்து படையோடு கிளம்பி லாசா வரை போனவர் அவர்தான். இயக்கத்தின் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும் என்று அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ், இசையமைப்பாளர் ஹ்யூபர்ட் பாரியிடம் பிளேக்கின் வரிகளைக் கொடுத்தார். 1916 மார்ச்சில் லண்டன் குவீன்ஸ் ஹாலில் அது அரங்கேறியது. மனத்தின் போருக்குக் கேட்ட வில்லும் அம்பும், பதுங்குகுழிகளில் நடந்த உடல்களின் போருக்குப் பயன்பட்டன.

பாரிக்கு மனம் ஒப்பவில்லை. பாக்கையும் பிராம்ஸையும் தந்த ஜெர்மன் இசையில் ஊறிய அவருக்கு அந்த இயக்கத்தின் வெறிப்பேச்சு பிடிக்கவில்லை. 1917ல் ஆதரவை விலக்கிக்கொண்டார். பாட்டு அநாதையாகும் என்றிருந்த நேரத்தில் வேறொரு கை நீண்டது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய மிலிசென்ட் ஃபாசெட், தங்கள் இயக்கத்துக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டார். பாரி மகிழ்ச்சியோடு தந்தார். உரிமையையும் எழுதிக் கொடுத்தார். 1918ல், பிரிட்டனில் பெண்களில் ஒரு பகுதியினருக்கு முதன்முதலாக வாக்குரிமை கிடைத்த வருடத்தில், அந்த வெற்றிக் கொண்டாட்டத்தில் 'ஜெருசலேம்' ஒலித்தது. 1928ல் வாக்குரிமை ஆண்களுக்குச் சமமாக முழுமையடைந்து, இயக்கம் கலைந்தபோது, பாட்டின் உரிமை கிராமப்புறப் பெண்களின் அமைப்பான விமன்ஸ் இன்ஸ்டிடியூட்டுக்குப் போயிற்று.

பிறகு அது எல்லோருக்கும் சொந்தமாயிற்று. 1945ல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, புதிய ஜெருசலேமைக் கட்டப்போவதாகச் சொன்னது. லேபர் மாநாட்டில் பாடினார்கள், கன்சர்வேடிவ் மாநாட்டிலும் பாடினார்கள். பணக்காரப் பள்ளிகளின் பிரார்த்தனையிலும், ரக்பி மைதானத்திலும், டெஸ்ட் மேட்ச் தொடங்கும் முன் கிரிக்கெட் ரசிகர்கள் மத்தியிலும் அதே பாட்டு. ராஜதுரோக வழக்கில் நின்றவனின் வரிகளை ராஜவிசுவாசிகள் நெஞ்சு விம்மப் பாடுவதில் உள்ள முரண் யாரையும் உறுத்தவில்லை. ரதம் என்ற சொல் எவ்வளவு சுலபமாகக் கைமாறும் என்பதை, 1990ல் சோமநாத்திலிருந்து கிளம்பிய டொயோட்டா வேனுக்கு அந்தப் பெயர் வந்ததைக் கண்ட இந்தியர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பிளேக்குக்கு அந்த ரதம் எங்கிருந்து கிடைத்தது? பைபிளின் பழைய ஏற்பாட்டில், ராஜாக்களின் இரண்டாம் ஆகமத்திலிருந்து. தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு அது அக்கினி ரதம். அந்த ஆகமத்தில் அது இரண்டு முறை வருகிறது. ஒரு முறை ஒருமையில், ஒரு முறை பன்மையில்.

ஒருமையில் வருவது இரண்டாம் அதிகாரத்தில். கிழவரான எலியா தீர்க்கதரிசி தன் சீடன் எலிசாவுடன் யோர்தான் நதியைக் கடந்து பேசிக்கொண்டே நடக்கிறார். குருவின் கடைசி நாள் அது என்று இருவருக்கும் தெரியும். திடீரென்று நெருப்பு ரதமும் நெருப்புக் குதிரைகளும் தோன்றி இருவரையும் பிரிக்கின்றன. குரு சூறைக்காற்றில் வானேறிப் போகிறார். சீடன் துக்கத்தில் தன் உடையை இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். குருவின் போர்வை மட்டும் தரையில் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கிறான். எலியா ரதத்தில் ஏறிப் போனதாகவே ஓவியர்கள் வரைந்துவிட்டார்கள். மூலத்தில் ரதத்தின் வேலை வேறு. அது வந்தது இருவரைப் பிரிக்க.

பன்மையில் வருவது ஆறாம் அதிகாரத்தில். இப்போது எலிசாதான் குரு. தோத்தான் என்ற ஊரில் இருக்கிறார். அவரைப் பிடிக்க சீரியா நாட்டு அரசன் குதிரைகளையும் ரதங்களையும் பெரும்படையையும் இரவோடு இரவாக அனுப்பி ஊரை வளைக்கிறான். விடியற்காலையில் எழுந்து வெளியே வந்த வேலைக்காரன் படையைப் பார்த்து அலறுகிறான். பயப்படாதே, நம்மோடு இருப்பவர்கள் அவர்களைவிட அதிகம் என்கிறார் எலிசா. இவன் கண்ணைத் திறந்துவிடு என்று வேண்டிக்கொள்கிறார். வேலைக்காரன் மறுபடி பார்க்கிறான். மலை முழுக்க நெருப்புக் குதிரைகளும் நெருப்பு ரதங்களும்.

அடுத்து என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த ரதங்கள் ஓடவில்லை. மலையைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு சிப்பாயைக்கூடத் தொடவில்லை. எதிரிப் படை கண் மங்கித் தடுமாற, எலிசாவே வழிகாட்டி அவர்களைச் சமாரியாவுக்கு அழைத்துப்போகிறார். வெட்டிவிடட்டுமா என்று இஸ்ரேலின் அரசன் ஆவலோடு கேட்கிறான். வேண்டாம், சாப்பாடு போடு என்கிறார் எலிசா. பெரிய விருந்து நடக்கிறது. உண்டு குடித்த படை ஊர் திரும்புகிறது. அந்தக் கொள்ளைக்கூட்டம் அதன்பின் வரவில்லை என்று அத்தியாயத்தின் அந்தப் பகுதி முடிகிறது.

ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான ஓட்டப் படத்தின் பெயரில் இருப்பவை ஓடாத ரதங்கள். யாரையும் முந்தாதவை, யாரையும் தோற்கடிக்காதவை. பயந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்து, தைரியம் கொடுத்துவிட்டு அப்படியே நின்றவை. பன்மை ஆக்கியதால் பெயர் பிளேக்கை விட்டு விலகி எலிசாவின் மலைக்கு நெருங்கி வந்துவிட்டது.

இந்த வெளிச்சத்தில் படத்தின் இரண்டு நாயகர்களையும் பார்க்கலாம். ஒருவர் ஹெரால்ட் ஆபிரகாம்ஸ். லிதுவேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதரின் மகன். கேம்பிரிட்ஜில் படித்தவர். கல்லூரிக்குள் அனுமதித்தார்கள், மனத்துக்குள் அனுமதிக்கவில்லை என்ற கசப்பை ஓட்டமாக மாற்றுகிறவராகப் படம் அவரைக் காட்டுகிறது. சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளரை வைத்துக்கொள்வது கனவான்களுக்கு அழகல்ல என்று அமெச்சூர் விளையாட்டு உலகம் நினைத்த காலத்தில், சாம் முஸாபினி என்ற தொழில்முறைப் பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டார். முஸாபினிக்கு மைதானத்தில் இடமில்லை. அருகிலிருந்த விடுதி அறையில் காத்திருந்து, தேசிய கீதம் ஒலிப்பதைக் கேட்டுத்தான் வெற்றியைத் தெரிந்துகொள்கிறார். 1924 ஜூலை 7ல் ஆபிரகாம்ஸ் 10.6 விநாடியில் 100 மீட்டரை வென்றார்.

இன்னொருவர் எரிக் லிடல். 1902ல் சீனாவின் தியென்ட்சின் நகரில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். எடின்பர்க் பல்கலைக்கழக மாணவர். ஸ்காட்லாந்து ரக்பி அணியிலும் ஆடியவர். 100 மீட்டரின் முதல் சுற்றுகள் ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்றார். கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிவதாகவும், வேல்ஸ் இளவரசரே நேரில் கேட்டும் மறுப்பதாகவும் படம் காட்டுகிறது. உண்மையில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அவர் முடிவும் அப்போதே தெரியும். அந்த மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். ஜூலை 11ல் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். படத்தில் தன் இடத்தை விட்டுக்கொடுக்கும் லிண்ட்ஸே பிரபு கற்பனைப் பாத்திரம். லிடலின் தங்கை ஓட்டத்தை எதிர்ப்பதும் கற்பனைதான். அதே ஒலிம்பிக்ஸில் ஒரு சிறிய இந்திய அணியும் இருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கலந்துகொண்டார்.

இருவரில் யாருடைய ரதம் எது? ஆபிரகாம்ஸுடையது பிளேக்கின் ரதம். கேட்டு வாங்குவது. தன்னைச் சேர்த்துக்கொள்ளாத இங்கிலாந்தில் தனக்கொரு இடத்தைக் கட்ட, கையில் கிடைத்த ஒரே ஆயுதத்தை அவர் எடுக்கிறார். வென்ற பிறகு படத்தில் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, வெறுமை தெரிகிறது. லிடலுடையது தோத்தான் மலையின் ரதம். எதிரே நாடும் இளவரசரும் ஒலிம்பிக் கமிட்டியும் நிற்கும்போது, பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பவருக்கு உரியது. படத்தில் அவருடைய மிகப் பெரிய காரியம் ஓடியது அல்ல, ஓடாமல் இருந்தது. மற்றவர்கள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் பாரிஸில் ஸ்காட்லாந்துக்காரர்களின் தேவாலயத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

படம் 1978ல் ஆபிரகாம்ஸின் நினைவுக் கூட்டத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. முடிவில் தேவாலயத்தில் பாடகர் குழு பாடுவது 'ஜெருசலேம்'. யூதனுக்குக் கதவு திறக்காத இங்கிலாந்து, தன் செல்லப் பாட்டைப் பாடி அவரை வழியனுப்புகிறது. வென்றவனை ஏற்றுக்கொண்டது என்று ஒருவர் சொல்லலாம். வென்றதால்தானே ஏற்றுக்கொண்டது என்று இன்னொருவர் கேட்கலாம். ஆபிரகாம்ஸ் பின்னாளில் கத்தோலிக்கரானவர் என்பது தெரிந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். இயக்குநர் ஹ்யூ ஹட்ஸன் பதில் சொல்லாமல் விட்டது படத்தின் பலம்.

பாட்டுக்கு நேர்ந்ததே படத்துக்கும் நேர்ந்தது. 1982 மார்ச் 29ல் ஹாலிவுட்டில் சிறந்த படம், திரைக்கதை, இசை, உடையலங்காரம் என்று நான்கு ஆஸ்கார் விருதுகளை வென்றது. திரைக்கதை விருதைக் கையில் வாங்கிய வெலண்ட், பிரிட்டிஷ்காரர்கள் வருகிறார்கள் என்று மேடையில் உற்சாகமாக முழங்கினார். பிரிட்டிஷ் சினிமாவைத்தான் சொன்னார். நான்கே நாட்களில், ஏப்ரல் 2ம் தேதி, அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளில் படையை இறக்கியது. பிரிட்டனின் போர்க்கப்பல்கள் தெற்கு நோக்கிக் கிளம்பின. சினிமாவுக்காகச் சொன்ன வாக்கியத்துக்குப் புது அர்த்தம் வந்துவிட்டது. மார்கரெட் தாட்சர் காலத்து தேசபக்திப் படம் என்ற முத்திரை அதன் மீது விழுந்தது. எடுத்தவர்கள் நினைத்தது அதுவல்ல. தேசத்தைவிட மனசாட்சி பெரிது என்று சொன்னவனைத் தேடித்தான் பட்நம் போனார். பின்னாளில் அவர் நாடாளுமன்ற மேலவையில் அமர்ந்தது லேபர் கட்சி சார்பில்.

பாட்டு இந்தியாவுக்கும் வந்தது. 2010ல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகளுக்கு முன், இங்கிலாந்து வீரர்கள் தங்கம் வென்றால் எந்தப் பாட்டை ஒலிக்கச் செய்வது என்று அந்நாட்டில் பொதுமக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வென்றது 'ஜெருசலேம்'. யங்ஹஸ்பண்டின் கூட்டத்துக்காக மெட்டமைத்த பாட்டு, பிரிட்டிஷ் அரசு கட்டிய தலைநகரில், பரிசுமேடையில் நின்ற வீரர்களுக்காக ஒலித்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸின் தொடக்க விழாவில் அதே பாட்டை ஒரு சிறுவன் பாடினான். அதே விழாவில் மிஸ்டர் பீனாக ரோவன் அட்கின்ஸன், வாங்கெலிஸின் மெட்டை ஒற்றை விரலால் வாசித்து உலகத்தைச் சிரிக்கவைத்தார். பதக்கம் வழங்கும்போதெல்லாம் ஒலித்ததும் அந்த மெட்டுதான். எந்தப் பெயர் வெற்றியைப் பற்றியது அல்லவோ, அது வெற்றியின் மணியோசையாகவே நிலைத்துவிட்டது.

படம் முடிந்த பிறகு திரையில் வரும் ஓரிரு வரிகள், லிடல் சீனாவில் மிஷனரியாக இருந்து போர் முடியும் தறுவாயில் இறந்ததைச் சொல்கின்றன. சொல்லாமல் விட்டதில் தலைப்பின் மிச்ச அர்த்தம் இருக்கிறது. 1925ல் அவர் சீனா திரும்பினார். பள்ளி ஆசிரியரானார். ஜப்பானியப் படை முன்னேறிவந்தபோது, 1941ல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்துவிட்டுத் தங்கிவிட்டார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943ல் வெய்ஷியன் என்ற இடத்திலிருந்த தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துக் கிடந்த முகாம். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது என்பது அவர் விதி.

பிள்ளைகளுக்கு அந்த நாள் நகரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விசில் ஊதிக்கொண்டு மைதானத்தில் நின்றவர் லிடல். முகாமிலிருந்து மீண்டவர்கள் பல காலம் நினைத்துச் சொன்ன சம்பவம் இது. இளவரசருக்காகவும் ஒலிம்பிக் தங்கத்துக்காகவும் விட்டுக்கொடுக்காத விதியை, சண்டை போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்காக அவர் விட்டுக்கொடுத்தார்.

1945 பிப்ரவரி 21ல் மூளைக் கட்டியால் அவர் அந்த முகாமிலேயே இறந்தார். வயது 43. ஆறு மாதத்தில் முகாம் விடுவிக்கப்பட்டது. 1991ல் எடின்பர்க் பல்கலைக்கழகம் அங்கே ஒரு நினைவுக்கல் நாட்டியது. கல் ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கொண்டுவந்த கிரானைட்.

தோத்தானில் வேலைக்காரன் பார்த்த ரதங்கள் யாரையும் துரத்தவில்லை. அன்றைய தினம் முடிந்தது எதிரிக்குப் போட்ட சாப்பாட்டோடு. கடற்கரையில் ஓடும் இளைஞர்களை அடுத்த முறை திரையில் பார்க்கும்போது, அவர்களில் ஒருவர் பிறகு சீனாவின் ஒரு முகாமில், கையில் விசிலோடு பிள்ளைகளுக்கு நடுவே நின்றார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். படத்தின் பெயர் அந்தக் காட்சிக்கும் பொருந்தும்.